ஹிஜாஸும் தர்புகாவும் மட்டும் போதாது: அரபி பாப் பாட்டின் ஒலி எங்கிருந்து வருகிறது

கேள்வி இது: "ஹிஜாஸ் ஸ்கேலில் ஒரு மெட்டுப் போட்டு, அடியில் தர்புகா (கோப்பை வடிவக் கைப்பறை) லூப் ஓடவிட்டு, மேலே வயலின் சேர்த்தேன். கேட்டவர்கள் சினிமாவில் வரும் பாலைவனக் காட்சி மாதிரி இருக்கிறது என்கிறார்கள். எகிப்தின் அம்ர் தியாப், லெபனானின் நான்சி அஜ்ரம் போன்ற பாப் பாடகர்களின் பாட்டுகளில் உள்ள ஒலி வரவில்லை. எது குறைகிறது?"

வாத்தியங்கள் சரியாகத்தான் இருக்கின்றன. குறைவது மெட்டு நகரும் முறையும், குரலுக்கும் வாத்தியத்துக்கும் நடுவே நடக்கும் பேச்சுவார்த்தையும். அரபிப் பாட்டு அடிப்படையில் ஒற்றை இழை. பல சுரங்களை ஒரே நேரத்தில் அடுக்கிக் கட்டிய கட்டடம் அல்ல அது. ஒரு கோடு வளைந்து, நின்று, அடுத்த வாத்தியத்திடம் கை மாறிப் போகும். பாப் பாட்டில் கிதாரும் சிந்தசைஸரும் வந்த பிறகும் இந்த இயல்பு மாறவில்லை. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும்.

முதலில் ஹிஜாஸைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். அரபி இசைக்கு வெளியே இருப்பவர்கள் ஓடிப்போய் எடுப்பது அதைத்தான். இரண்டாம் சுரத்துக்கும் மூன்றாம் சுரத்துக்கும் நடுவே விழும் அந்த அகலமான இடைவெளி காதில் உடனே படுகிறது என்பதே காரணம். மேற்கத்தியச் சுரப் பெயர்களில், டி-யை ஆதார சுருதியாக வைத்தால் டி, ஈ ஃப்ளாட், எஃப் ஷார்ப், ஜி, ஏ, பி ஃப்ளாட், சி என்று வரும் (ஃப்ளாட் என்றால் அரைச்சுரம் கீழே, ஷார்ப் என்றால் அரைச்சுரம் மேலே). கர்நாடக இசை தெரிந்தவர்களுக்கு இது வகுளாபரணத்தின் சுரங்கள். ஆனால் 1990களுக்குப் பிறகு வந்த அரபி பாப்பில் மிகுதியாகக் கேட்பது குர்த், நஹாவந்த் என்ற இரண்டு மகாம்கள் (மகாம் என்பது நம் ராகம் போன்ற சுர அமைப்பு; ஹிஜாஸும் ஒரு மகாம்தான்). குர்த்தின் சுரங்கள் ஹனுமத்தோடிக்கு உரியவை. நஹாவந்த் நடபைரவி, ஏழாம் சுரத்தை உயர்த்திப் பாடும்போது கீரவாணி. ஹிஜாஸ் பெரும்பாலும் ஒரு வரிக்கோ இரண்டு வரிக்கோ நிறம் கொடுக்க வந்துவிட்டுப் போய்விடும். பாட்டு முழுவதும் அதிலேயே நின்றால் காது சலித்துவிடும். நீங்கள் செய்திருப்பது அதுதான்.

ராகப் பெயர்களைச் சொன்னது சுரங்களை அடையாளம் காட்ட மட்டுமே. தோடியின் கமகத்தைக் குர்த்தில் போட்டால் அது குர்த்தாக இருக்காது. அரபிப் பாடகர் சுரத்தின் மேல் நின்று, அதன் ஓரத்தில் சின்ன நெளிவு கொடுத்துவிட்டு நகர்வார். சுரத்தையே அகலமாக அசைக்க மாட்டார். கர்நாடகப் பயிற்சி உள்ளவர்கள் அரபிப் பாட்டைப் பாடும்போது முதலில் வழுக்குவது இங்கேதான்.

குர்த்தும் நஹாவந்தும் ஏன் முன்னுக்கு வந்தன? அவற்றில் கால் சுரம், அதாவது அரைச்சுரத்திலும் பாதியான இடைவெளி, கிடையாது. பியானோவில் உள்ள 12 கட்டைகளிலேயே அடங்கிவிடும். கிதார், பேஸ், சிந்த், கோர்டு (ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக்கூட்டு) எல்லாம் சண்டையில்லாமல் ஒட்டும். மேற்கத்திய வாத்தியம் பாட்டுக்குள் வரவர, அதோடு ஒத்துப்போகும் மகாம்கள் மேலேறின. ஆனால் ஓர் அரபி பாப் ஆல்பத்தில் ஒரு பாட்டாவது கால் சுரம் உள்ள பயாத்தி மகாமிலோ ராஸ்த் மகாமிலோ இருந்தால்தான் கேட்பவர்கள் அதை மண்வாசனை உள்ளதாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆகவே கால் சுரத்தை ஒதுக்கிவிட முடியாது.

பயாத்தியை இப்படிப் புரிந்துகொள்ளுங்கள். டி-யிலிருந்து தொடங்கி, இரண்டாம் சுரத்தை ஈ ஃப்ளாட்டில் வைத்தால் தோடியின் சுரங்கள், ஈ-யில் வைத்தால் நடபைரவியின் சுரங்கள். பயாத்தியின் இரண்டாம் சுரம் இந்த இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறது. ராஸ்தும் இதே மாதிரிதான்: சி-யிலிருந்து தொடங்கினால் அதன் மூன்றாம், ஏழாம் சுரங்கள் கரகரப்பிரியாவுக்கும் சங்கராபரணத்துக்கும் நடுவில் விழும். அழுகையும் இல்லாத, கொண்டாட்டமும் இல்லாத அந்த இடைநிலை உணர்வு இங்கிருந்துதான் வருகிறது.

கணக்காகச் சொன்னால், ஒரு அரைச்சுரம் 100 சென்ட். பாதி தாழ்ந்த ஈ என்றால் ஈ-யிலிருந்து 50 சென்ட் கீழே. இது ஏட்டுக் கணக்கு. எட்டுச்சுர இடைவெளியை 24 சம பங்காகப் பிரிப்பதா கூடாதா என்று 1932-இல் கெய்ரோவில் கூடிய அரபு இசை மாநாட்டிலேயே பெரிய விவாதம் நடந்தது. வாசிப்பவர்கள் கைக்கு அந்தச் சமப் பங்கு பிடிபடுவதில்லை. பயாத்தியில் அந்த ஈ கொஞ்சம் இறங்கி நிற்கும், ராஸ்தில் அதே ஈ கொஞ்சம் ஏறி நிற்கும். கீபோர்டில் அமைக்கும்போது பயாத்திக்கு மைனஸ் 55 முதல் 60 வரையும், ராஸ்துக்கு மைனஸ் 40 முதல் 45 வரையும் வைத்துப் பாருங்கள். எகிப்தியப் பாட்டோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். சிரியாவில், குறிப்பாக அலெப்போ வழியில், ராஸ்தின் மூன்றாம் சுரம் இன்னும் சற்று மேலே இருக்கும்.

இதற்கென்றே யமஹாவின் பிஎஸ்ஆர்-ஏ வரிசையும் கோர்க் பிஏ வரிசையின் ஓரியண்டல் மாடல்களும் அரபு நாடுகளில் ஓடுகின்றன. வாசித்துக்கொண்டிருக்கும்போதே தேவையான கட்டையின் சுருதியை இறக்கவும் ஏற்றவும் அவற்றில் வசதி உண்டு. கணினியில் செய்பவர்களுக்கு அடிக்கடி நேரும் கோளாறு ஒன்று. கானூன் (மடியில் வைத்து மீட்டும் பல தந்தி வாத்தியம்) டிராக்கில் ஈ-யை இறக்கிவிட்டு, ஸ்ட்ரிங்ஸ், பேட், பேஸ் டிராக்குகளை அப்படியே விட்டுவிடுவார்கள். ஒரே சுரம் இரண்டு சுருதியில் மோதி, பாட்டே சுருதி சேராத மாதிரி ஒலிக்கும். எந்தெந்த டிராக் அந்த ஈ-யைத் தொடுகிறதோ அத்தனையிலும் இறக்க வேண்டும். உங்கள் மென்பொருளில் தனிச் சுருதி அமைக்க வழியில்லை என்றால் பிட்ச் பெண்ட் வைத்துச் செய்யலாம். பெண்ட் எல்லை 2 அரைச்சுரம் என்றால் 50 சென்ட் இறக்க மைனஸ் 2048 என்ற மதிப்பு. பெண்ட் அந்தச் சேனலில் ஒலிக்கும் எல்லாச் சுரங்களையும் சேர்த்து இழுக்கும் என்பதால், அந்த ஒரு சுரத்தைத் தனிச் சேனலுக்குப் பிரித்துவிடுங்கள்.

அடுத்து கோர்டு. பயாத்தியில் மெட்டுப் போட்டவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. விதி எளிது: கால் சுரம் கலந்த கோர்டைத் தொடாதீர்கள். டி-யில் பயாத்தி என்றால் டி மைனர் ஒட்டும், ஜி மைனர் ஒட்டும், எஃப் மேஜர், பி ஃப்ளாட் மேஜர் ஒட்டும். இவற்றில் எதிலும் ஈ இல்லை. சி மேஜரில் ஈ இருக்கிறது. அந்த ஈ-யை விட்டுவிட்டு, சி, ஜி என்ற இரண்டு சுரங்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஏ மைனரும் ஆகாது, அதன் ஐந்தாம் சுரம் ஈ. ராஸ்தில் நிலைமை இன்னும் நெருக்கடி: ஆதாரக் கோர்டான சி-யிலேயே கால் சுரம் வந்து நிற்கிறது, ஜி-யிலும் வருகிறது. எஃப் மேஜரும் டி மைனரும் தப்பும். அதனால்தான் ராஸ்த் பாட்டுகளில் கோர்டு மெலிந்து, பேஸ் ஆதார சுருதியையும் ஐந்தாம் சுரத்தையும் பிடித்துக்கொண்டு நிற்பதைக் கேட்பீர்கள். அது அழகுதான். ஒவ்வொரு பட்டிக்கும் (பார், அதாவது ஒரு தாளச் சுற்று) ஒரு கோர்டு மாற்ற வேண்டும் என்ற பழக்கத்தை விட்டுவிடுங்கள். நான்கு பட்டிக்கு ஒரே சுருதி நின்றாலும் மெட்டு தன் வேலையைச் செய்யும்.

மகாமை ஏணி மாதிரி கீழிருந்து மேலே ஏறுவதும் இறங்குவதுமாகப் பயன்படுத்தியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அரபி மெட்டு அப்படி நகராது. அது ஜின்ஸ் என்று சொல்லப்படும் சின்னக் கூறுகளில் குடியிருக்கிறது. ஒவ்வொன்றிலும் பெரும்பாலும் நான்கு, ஐந்து சுரங்கள். பாட்டின் தொடக்க வரிகள் கீழ் ஜின்ஸுக்குள்ளேயே சுற்றும். டி-யில் குர்த் என்றால் டி-யிலிருந்து ஜி வரைக்குள் முதல் இரண்டு வரிகள் முடிந்துவிடலாம். பிறகு மெட்டு ஜி-யில் கால் ஊன்றும். இந்த ஊன்று சுரத்துக்கு கம்மாஸ் என்று பெயர். பயாத்தி, ஹிஜாஸ், குர்த் மூன்றுக்கும் அது நான்காம் சுரம். ராஸ்துக்கும் நஹாவந்துக்கும் ஐந்தாம் சுரம். ஊன்றிய இடத்திலிருந்து மேலே இருக்கும் ஜின்ஸை மாற்றலாம். நிறம் மாறுவது அங்கேதான். பயாத்தியில் இருந்துகொண்டே ஜி-யிலிருந்து ஹிஜாஸ் எடுத்தால் ஏ ஃப்ளாட்டும் பி-யும் வரும். இதற்கு பயாத்தி ஷூரி என்று தனிப் பெயரே உண்டு. ஹிஜாஸைச் சரியாகப் பயன்படுத்துவது என்றால் இதுதான்: மேல்தளத்தில், வரி உச்சிக்குப் போகும்போது, நான்கு சுரத்துக்கு மட்டும். பிறகு ஒவ்வொரு படியாக இறங்கி டி-யில் வந்து அமர வேண்டும். அந்த இறக்கத்துக்கு கஃப்லா என்று பெயர். கச்சேரிகளில் கூட்டம் "அல்லாஹ்" என்று உருகிச் சொல்லும் இடம் பெரும்பாலும் இந்தக் கஃப்லாதான். பாப் பாட்டில் அது இரண்டு பட்டியில் முடிந்துவிடும், ஆனாலும் இருந்தே தீரும். கஃப்லா இல்லாத அரபி மெட்டு முற்றுப்புள்ளி இல்லாத பத்தி.

இன்னொரு எளிய மாற்றம்: குர்த்தில் போய்க்கொண்டிருக்கும் பாட்டை, சரண வரியில் அதே டி-யில் பயாத்திக்குத் திருப்புவது. ஈ ஃப்ளாட் கால் சுரம் உயர்கிறது, அவ்வளவுதான். ஆனால் அறையின் ஒரு ஜன்னல் திறந்த மாதிரி இருக்கும்.

இனி தாளம். அரபியில் இதற்கு ஈக்கா என்று பெயர். கனத்த அடி தும், ஓரத்து அடி தக், இடது கை நிரப்பு அடி கா. பாப் பாட்டுகளின் முதுகெலும்பு மக்ஸூம். எட்டு எண்ணிக்கையில் எழுதினால் (– என்றால் அடி இல்லை):

தும் தக் – தக் தும் – தக் –

அதில் இரண்டாம் எண்ணிக்கையின் தக்கைத் தும்மாக மாற்றினால் பலதி:

தும் தும் – தக் தும் – தக் –

நடுவில் இரண்டு தும்களை அடுத்தடுத்து வைத்தால் மேல் எகிப்தின் ஸயீதி:

தும் தக் – தும் தும் – தக் –

வேகமான பாட்டுக்கு மல்ஃபூஃப்:

தும் – – தக் – – தக் –

வளைகுடாப் பாட்டில் கேட்பது இது:

தும் – – தும் – – தக் –

மல்ஃபூஃபையும் வளைகுடாத் தாளத்தையும் எண்ணிப் பாருங்கள்: 3, 3, 2. லத்தீன் அமெரிக்க நடனப் பாணியான ரெகேடோனின் எலும்பும் இதே 3, 3, 2 தான். லத்தீன் பாப்பும் ஆஃப்ரோ பீட்டும் அரபிப் பாட்டோடு இவ்வளவு இயல்பாகக் கலந்துவிட்டதற்கு இது ஒரு காரணம். கலக்கும்போது தும் விழும் இடத்தை மாற்றிவிடாமல் இருந்தால் போதும்.

லூப் வைத்துச் செய்பவர்களின் பாட்டு தட்டையாக இருப்பதற்குக் காரணம், ஒரே தர்புகா எல்லா வேலையையும் செய்வது. எகிப்தில் தப்லா என்று சொல்லப்படும் அந்த வாத்தியம் தனியாக வாசிக்கப்படுவது குறைவு. அடியில் தோஹோல்லா என்ற பெரிய, கனத்த குரல் உள்ள தர்புகா மக்ஸூமை அலங்காரமில்லாமல் பிடித்துக்கொள்ளும். அதற்கு மேல் சின்னத் தப்லா கா அடிகளால் இடைவெளிகளை நிரப்பும். ரிக் என்ற சலங்கைத் தட்டுப்பறை பதினாறில் ஒரு பங்கு அடிகளை விடாமல் ஓட்டும். விரல் தாளங்களும் கைதட்டலும் வேண்டிய இடத்தில் வரும். நான்கு அடுக்கும் நான்கு தனி டிராக். ஒவ்வொன்றையும் தனி மனிதர் வாசிக்கிற மாதிரி அமையுங்கள். தக்குக்கு ஒரே சாம்பிளைத் திரும்பத் திரும்பப் போட்டால் தையல் இயந்திரம் ஓடுவது போல் கேட்கும். மூன்று நான்கு சாம்பிள்களை மாற்றி மாற்றிப் போட்டு, அடியின் அழுத்தத்தையும் ஏற்றி இறக்குங்கள். மென்பொருளின் தாளக் கட்டத்துக்குள் நூறு சதவீதம் ஒட்டவைக்காதீர்கள். தும் மட்டும் கட்டத்தில் இருக்கட்டும், கா அடிகள் ஒரு மயிரிழை பிந்தி வரட்டும்.

எலெக்ட்ரானிக் கிக் (கனத்த டிரம் அடி) சேர்ப்பதில் பெரும்பாலோர் கெடுக்கிறார்கள். நான்கு எண்ணிக்கையிலும் கிக் விழுந்தால் மக்ஸூமின் தும்மும் மௌனமும் புதைந்துபோகும். கிக்கை முதல் தும்மோடும் ஐந்தாம் எண்ணிக்கையின் தும்மோடும் மட்டும் விட்டுப் பாருங்கள். தாளம் மூச்சு விடும். மக்ஸூம் பாட்டுக்கு நிமிடத்துக்கு 90 முதல் 105 வரை வேகம் வைத்துத் தொடங்கலாம்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது லாஸ்மா. பாடகர் ஒரு வரியை முடித்ததும், அடுத்த வரி தொடங்குவதற்குள் இருக்கும் ஒன்று அல்லது இரண்டு எண்ணிக்கையில் வாத்தியங்கள் பாய்ந்து வந்து ஒரு சின்ன வாக்கியம் சொல்லிவிட்டுப் போகும். அதுதான் லாஸ்மா. அம்ர் தியாப் பாட்டானாலும் லெபனான் பாடகி ஃபைரூஸின் பாட்டானாலும் இதைக் கேட்கலாம். உங்கள் பாட்டில் வயலின் பின்னணியில் நீளமாகக் கோர்டு பிடித்துக்கொண்டிருக்கிறது என்றால், லாஸ்மா இருக்க வேண்டிய இடம் அடைபட்டுவிட்டது. ஸ்ட்ரிங்ஸைக் கோர்டிலிருந்து விடுவித்து, வரிகளின் நடுவே பேச வையுங்கள்.

லாஸ்மா எழுதுவதற்கு ஒரு வழி. பாடகரின் வரி எந்தச் சுரத்தில் முடிகிறது, அடுத்த வரி எந்தச் சுரத்தில் தொடங்குகிறது என்று பாருங்கள். லாஸ்மா முதலாவதை எட்டிப் பிடித்து இரண்டாவதில் கொண்டுபோய் விட வேண்டும். வரி முடியும் அதே எண்ணிக்கையில் தொடங்கலாம். பாடகரின் கடைசி எழுத்து இன்னும் நீண்டுகொண்டிருக்கும்போதே வாத்தியம் உள்ளே வந்தால் இன்னும் நன்றாக இருக்கும். முதல் தடவை ஸ்ட்ரிங்ஸ், இரண்டாம் தடவை கானூன், மூன்றாம் தடவை அக்கார்டியன் என்று கை மாற்றுங்கள். ஒரே லாஸ்மாவை நான்கு வரிக்கும் அப்படியே ஒட்டாதீர்கள். கடைசி எண்ணிக்கையாவது மாறட்டும்.

ஸ்ட்ரிங்ஸ் எழுதும்போது மேற்கத்திய நான்கு குரல் அமைப்பு வேண்டாம். எல்லா வயலினும் ஒரே கோட்டை வாசிக்கும், செல்லோ ஓர் எட்டுச்சுரம் கீழே அதையே வாசிக்கும். ஆளுக்கு ஆள் நெளிவும் வழுக்கலும் கொஞ்சம் வேறுபடும். அந்த வேறுபாடுதான் அந்த அடர்ந்த கெய்ரோ ஒலி. அரபு வயலின்காரர்கள் பலர் தந்தியைக் கீழிருந்து ஜி, டி, ஜி, டி என்று சேர்க்கிறார்கள். அதனால் திறந்த தந்திகள் ஆதார சுருதிக்குத் துணை நிற்கும். சாம்பிள் நூலகத்தில் ஒரே ஸ்ட்ரிங்ஸ் ஒலியை வைத்து இதைக் கொண்டுவர முடியாது. குறைந்தது ஒரு நிஜ வயலினை நான்கு முதல் எட்டுத் தடவை தனித்தனியாக வாசிக்க வைத்துப் பதிவு செய்து, சாம்பிளுக்கு மேல் வையுங்கள். ஒவ்வொரு தடவையும் வழுக்கலைச் சற்று மாற்றி வாசிக்கச் சொல்லுங்கள்.

மற்ற வாத்தியங்களைப் பற்றிச் சுருக்கமாக: ஊத் என்ற குட்டைக் கழுத்துத் தந்தி வாத்தியத்தில், கிதாரில் இருப்பது போன்ற ஃப்ரெட் தடுப்புகள் இல்லை, ஆகவே கால் சுரம் இயல்பாக வரும். கானூனில் 26 வரிசை, வரிசைக்கு மூன்று தந்தியாக 78 தந்திகள் வரை. பக்கத்தில் இருக்கும் சின்ன நெம்புகோல்களைத் தூக்கி இறக்கித்தான் வாசிப்பவர் மகாமை மாற்றுகிறார். நேய் என்ற நாணல் குழல் ஒவ்வொரு சுருதிக்கும் ஒன்று வேண்டும். அக்கார்டியனைப் பார்த்து ஆச்சரியப்படாதீர்கள். எகிப்தில் அதன் நாக்குகளைச் சீவிக் கால் சுரத்துக்கு மாற்றி, ஷாபி என்னும் நகரத்து மக்கள் பாட்டுக்கு அதை முக்கிய வாத்தியமாக்கிவிட்டார்கள்.

எலெக்ட்ரிக் கிதாரும் ஆர்கனும் பாப்போடு வந்து சேர்ந்தவை என்று நினைப்பது தவறு. 1964-இல் முகம்மது அப்துல் வஹாப் இசையமைத்து உம் குல்தூம் பாடிய "இந்த்த உம்ரி"யிலேயே எலெக்ட்ரிக் கிதார் இருக்கிறது. 1970களில் எகிப்தியப் பாடகர் அப்துல் ஹலீம் ஹாஃபிஸின் குழுவில் உமர் குர்ஷித் கிதாரும் மஜ்தி அல் ஹுசைனி ஆர்கனும் வாசித்தார்கள். அந்தப் பாட்டுகள் மேடையில் ஒரு மணி நேரம் போகக்கூடியவை. 1975-இல் உம் குல்தூமும் 1977-இல் அப்துல் ஹலீமும் மறைந்தார்கள். அதே காலத்தில் கேசட் பரவியது. நீண்ட பாட்டு சுருங்கி நான்கு ஐந்து நிமிடமானது. 1980களில் எகிப்தில் "தலைமுறை" என்று பொருள்படும் அல் ஜீல் என்ற பாணி எழுந்தது. லிபியாவில் வளர்ந்த ஹமீத் அல் ஷாயிரி டிரம் மெஷினையும் கைதட்டலையும் வேகமான மக்ஸூமையும் ஒன்றாக்கினார். 1988-இல் அவர் வாத்திய அமைப்பில் அலி ஹமீதா பாடிய "லூலாகி" ஊரெல்லாம் ஒலித்தது. 1996-இல் அம்ர் தியாபின் "நூர் அல் அய்ன்" அதே அமைப்பாளரின் கையால் ஸ்பானிய மணமுள்ள கிதாரோடும் அக்கார்டியனோடும் வந்தது. அரபு நாடுகளைத் தாண்டி ஓடியது. நூர் அல் அய்ன் என்றால் கண்ணின் ஒளி. நாம் கண்ணே, கண்மணி என்று அழைப்பதற்கு மிக அருகில் இருக்கும் சொல். 2000-இல் வந்த அம்ர் தியாபின் "தமல்லி மஆக்" மெட்டு இந்தியாவில் பலருக்கும் அறிமுகம். 2004-இல் வந்த ஹிந்திப் படம் "மர்டர்" அதை எடுத்துக்கொண்டது.

ஆல்பத்தில் பெயர் போடும் முறையைப் பார்த்தாலே அங்கே பாட்டு எப்படி உருவாகிறது என்று தெரியும். சொற்கள் ஒருவர், மெட்டு ஒருவர், வாத்திய அமைப்பு ஒருவர். மெட்டுப் போடும் முலஹ்ஹின் பெரும்பாலும் ஊத் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, தானே பாடி ஒரு பதிவு கொடுத்துவிடுவார். அமைப்பாளரான முவஸ்ஸி அதற்குத் தாளம், லாஸ்மா, கோர்டு எல்லாம் சேர்ப்பார். கோர்டு கடைசியில்தான் வருகிறது. கோர்டு வரிசையை முதலில் போட்டுவிட்டு அதன்மேல் மெட்டுத் தேடுகிறவர்களுக்கு அரபி மெட்டு கைக்கு வராது.

பாட்டின் உடலை மத்ஹப், கோப்லே என்று பிரிப்பார்கள். மத்ஹப் நம் பல்லவி மாதிரி திரும்பத் திரும்ப வரும், கோப்லே சரணம். தொடக்கத்தில் எட்டுப் பட்டிக்கு வாத்தியம் மட்டும், பிறகு மத்ஹப், லாஸ்மா, கோப்லே, மத்ஹப், நடுவில் ஒரு வாத்திய இடைவெளி, மறுபடி கோப்லே என்று போகும். சில பாட்டுகளுக்கு முன்னால் தாளமில்லாத மௌவால் வரும். "யா லேல், யா அய்ன்" (ஓ இரவே, ஓ கண்ணே) என்று குரல் மட்டும் மகாமை விரித்துக் காட்டும். பாப் பாட்டில் 20 நொடிக்கு மேல் வேண்டாம்.

குரலில் கவனிக்க வேண்டியது நெஞ்சுக் குரல், கொஞ்சம் மூக்கொலி, நீண்ட உயிரெழுத்தில் மட்டும் விழும் உரப் என்ற நெளிவுகள். மெய்யெழுத்தில் ம், ன் இரண்டையும் நீட்டலாம். தொண்டையின் அடியில் பிறக்கும் அய்ன், ஹா ஒலிகளைச் சாதாரண அ, ஹ ஆக்கிவிட்டால் அரபு மொழிக்காரர் காதில் சொல்லே மாறிவிடும். ஆண் பெண்ணைப் பார்த்துப் பாடினாலும் "ஹபீபி" என்று ஆண்பாலிலேயே சொல்வது பாட்டு மரபு. அதைத் திருத்தி "ஹபீபத்தி" ஆக்க வேண்டியதில்லை. எந்த வட்டார வழக்கு என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். எகிப்தில் ஜ என்பது க (ஆங்கில g ஒலி) ஆகும். ஜமீல் என்ற சொல்லை அங்கே கமீல் என்பார்கள். லெபனான் வழக்கில் பாடிக்கொண்டிருக்கும் பாட்டில் இப்படி ஒரு எகிப்தியச் சொல் வந்தால் உடனே உறுத்தும்.

வட்டாரம் மாறினால் தாளமும் மாறும். வளைகுடாவில் கைதட்டலே ஒரு வாத்தியம்; இரண்டு மூன்று குழு வேறுவேறு இடத்தில் தட்டி ஒன்றுக்குள் ஒன்று பின்னும். முகம்மது அப்து, ராஷித் அல் மாஜித், ஹுசைன் அல் ஜஸ்மி பாட்டுகளில் இதைக் கேளுங்கள். வளைகுடாவில் வேலைக்குப் போன தமிழர்கள் பலருக்கு அந்தத் தட்டல் கல்யாண வீடுகளிலிருந்தும் டாக்சி வானொலியிலிருந்தும் பழக்கமானது. ஈராக்கில் குஷ்பா என்ற ஒல்லியான மரப்பறை படபடவென்று அடிக்கும். ஜூர்ஜீனா என்ற பத்து எண்ணிக்கைத் தாளம் 3, 2, 2, 3 என்று நொண்டி நடக்கும். அங்கிருந்து வந்த காதிம் அல் ஸாஹிர், நிஸார் கப்பானியின் கவிதைகளை இலக்கிய அரபியிலேயே பாடி பாப் ரசிகர்களிடம் கொண்டுபோனது பெரிய காரியம். லெபனான், சிரியாவில் தப்கே ஆட்டத்தின் துள்ளல். அல்ஜீரியாவின் ஓரானில் பிறந்த ராய் என்ற பாட்டு வகை, பாடகர் கலீதின் 1992-ஆம் ஆண்டு "தீதீ" வழியாக நம் ஊர் வரைக்கும் வந்தது. அதன் தாள நடையும் மொழியும் எகிப்துக்கு வெகு தூரம். எல்லாவற்றையும் ஒரே பாட்டில் கலப்பதுதான் பாலைவனக் காட்சி இசையின் அடையாளம்.

குரலின் சுருதியைத் திருத்தும் ஆட்டோ டியூனில் ஒரு ஆபத்து இருக்கிறது. 12 சுரக் கட்டத்தில் விட்டால் அது பயாத்தியின் ஈ-யைப் பிடித்து ஈ ஃப்ளாட்டுக்கோ ஈ-க்கோ தள்ளிவிடும். பாடகர் சரியாகப் பாடிய ஒரே சுரம் கெட்டுப்போகும். அந்தச் சுரத்தின் இலக்கை நீங்கள் கீபோர்டில் வைத்த அதே சென்ட் அளவுக்கு இறக்குங்கள், அல்லது அதை மட்டும் திருத்தத்திலிருந்து விலக்குங்கள். திருத்தும் வேகத்தைக் குறைத்தால்தான் உரப் நெளிவுகள் பிழைக்கும். கெய்ரோவின் எளிய குடியிருப்புகளில் கல்யாண மேடைகளுக்காக வீட்டுக் கணினியில் பிறந்த மஹ்ரகானாத் பாணியில் இந்தக் கருவியை வேண்டுமென்றே முரட்டுத்தனமாக வைப்பார்கள். அந்த உலோகக் குரலே அங்கே பாணி. 2020 பிப்ரவரியில் எகிப்திய இசைக்கலைஞர் சங்கம் அதை மேடைகளில் தடை செய்தது. ஆனாலும் அந்த ஒலி நின்றுவிடவில்லை. அந்த வழியில் போவதானால் ஸ்ட்ரிங்ஸே வேண்டாம்; மக்ஸூம், கனத்த அடிக்குரல் சிந்த், குரல் மூன்றும் போதும்.

உங்கள் பாட்டைச் சரிசெய்யும்போது எல்லா டிராக்கையும் மூடிவிட்டு, குரலும் ஊத்தும் ரிக்கும் மட்டும் வைத்து மெட்டைத் திரும்ப எழுதுங்கள். ஹிஜாஸை டி-யிலிருந்து எடுத்து ஜி-க்கு மாற்றுங்கள். கீழே குர்த்தோ பயாத்தியோ இருக்கட்டும். வரி முடியும் இடங்களில் இரண்டு எண்ணிக்கை காலியாக விடுங்கள். மூன்று ஒலியிலேயே மெட்டு நின்றால் தோஹோல்லாவைத் திறங்கள், பிறகு லாஸ்மாவுக்கு ஸ்ட்ரிங்ஸ். கோர்டும் கிக்கும் கடைசியில்.